புதுப்பிப்பு: டெஸ்டில் ஓடி சர்வரில் விழுந்த ஜார்

போன வாரம் கேட்டிருந்தேனே, மேவன் (ஜாவா ப்ராஜெக்டைக் கட்டித்தரும் கருவி) பில்டில் எல்லா டெஸ்டும் பாஸ், ஆனால் ஜாரை (ஜாவா பேக்கேஜ் ஃபைலை) சர்வரில் ஏற்றியதும் காமன்ஸ் ஐஓ என்ற லைப்ரரியின் கிளாஸைக் காணோம் என்று விழுகிறது என்று. காரணம் கிடைத்துவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

அந்த காமன்ஸ் ஐஓ இன்னொரு லைப்ரரி வழியாக கம்பைல் ஸ்கோப்பில் (பேக்கேஜுக்குள்ளும் போகும் வகையில்) தானாகவே வந்துகொண்டிருந்தது. யூனிட் டெஸ்டுக்கு வேண்டுமே என்று நான் அதையே பாம் ஃபைலில் (எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று மேவனுக்குச் சொல்லும் ஃபைல்) டெஸ்ட் ஸ்கோப்பில், அதாவது டெஸ்டுக்கு மட்டும் என்று, எழுதிவைத்திருக்கிறேன். நாம் நேரடியாக எழுதியதுதான் மேவனுக்கு வேதவாக்கு. வழியில் வந்த கம்பைல் அங்கே செல்லாது. அதனால் பேக்கேஜுக்குள் அது போகவே இல்லை.

எந்த லைப்ரரி எதன் வழியாக வருகிறது என்று காட்டும் டிபென்டென்சி ட்ரீயை வெர்போஸாக (முழு விவரத்தோடு) ஓட்டினால், காமன்ஸ் ஐஓ வரியிலேயே 'ஸ்கோப் நாட் அப்டேட்டட் டு கம்பைல்' (ஸ்கோப் கம்பைலாக மாற்றப்படவில்லை) என்று பளிச்சென்று இருக்கிறது. இரண்டு நாளாக அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்! டெஸ்ட் ஸ்கோப் வரியை அழித்தேன், ஓடுகிறது. ட்ரீயைப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி.