மலேசியாவின் கேமரன் மலைக் குளிருக்கு ஃபிளீஸ் வாங்கிய அனுபவங்கள்

ரிங்லெட் தோட்டக்காரன்:

பழைய துணி விற்கிற பண்டல் கடையில் ஃபிளீஸ், அதாவது குளிருக்குப் போடும் மெத்தென்ற சட்டை, வாங்குகிறவர்கள் கையால் அழுத்திப் பார்த்து, "மெத்துனு இருக்கு" என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தேயிலைக் காட்டில் வேலை செய்கிற நான் முதலில் பார்ப்பது கைக்குழியை, அதாவது சட்டையில் கை இணைகிற வெட்டைத்தான். கொழுந்து எடுக்கும்போது கை சும்மா இருக்கிற நேரம் ஏது?

சட்டையைப் போட்டு, ஜிப்பை மேல்வரை இழுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். கீழ்விளிம்பு இடுப்பைத் தாண்டி ஏறி வயிறு தெரிந்தால், கைக்குழியை ரொம்பத் தாழ்வாக வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விடியற்காலையில் குனிந்து நிமிரும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் குளிர் ஏறும். கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருந்தாலோ, அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தாலோ, கை மட்டும் போய் வரும், சட்டை இருந்த இடத்திலேயே நிற்கும். மூட்டை சுமக்கிறவர்களுக்கு இன்னொன்று: தையல் தோள் உச்சியில் இல்லாமல் கழுத்திலிருந்து அக்குளுக்குச் சரிவாக ஓடினால், வார் அழுத்தும் இடத்தில் உறுத்தாது.

தடிமன் அப்புறம்தான். 100, 200, 300 என்று சொல்வது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. இங்கே இரவில் 15 டிகிரி பக்கம்தான் இறங்குகிறது. உட்கார்ந்திருக்க 200 போதும், வேலைக்கு 100 போதும். 300 போட்டு மேடு ஏறினால் வேர்த்துக் கொட்டும்.

தானா ராத்தா தையல்காரி:

அண்ணன் சொன்னது சரி. நான் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். ஃபிளீஸ் பின்னல் துணி, வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரியாது. அதனால் ஓரம் அடிக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். ஆனால் தையலை இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள். துணி நீளும்போது நூலும் கூடவே நீள வேண்டும், விறைத்து நின்றால் ஒருநாள் பட்டென்று அறுந்துவிடும். ஜிப் ஓரம் பாம்பு மாதிரி நெளிந்திருக்கிறதா? துணியை இழுத்துப் பிடித்துத் தைத்ததால் வருவது, அதைப் பிரித்துத்தான் தைக்க வேண்டும். முழங்கையிலும் அக்குளிலும் பஞ்சு உருண்டை திரண்டிருந்தால் நல்ல விலை கேட்டாலும் விட்டுவிடுங்கள்.

ஆட்டு ரோமம் என்று நினைத்து என்னிடம் கொண்டுவருகிறவர்கள் நிறைய. இல்லை, 1979இல் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் ஆலை கொண்டுவந்த பாலியஸ்டர் துணி இது. சூடான அயர்ன் பெட்டி பட்டால் உருகிவிடும், தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

பிரிஞ்சாங் மலையேறி:

மலை உச்சிக்குப் பயணிகளைக் கூட்டிப் போகிறவன் நான். நல்ல ஃபிளீஸ் போட்டும் நடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், காற்று அதில் நேராகப் புகுந்துவிடும். மேலே ஒரு மெல்லிய மழைக்கோட்டு போட்டால் அதே ஃபிளீஸ் கதகதப்பாகிவிடும். அதனால் வாங்கப் போகும்போது மழைக்கோட்டையும் கொண்டுபோங்கள். ஃபிளீஸின் கை அதற்குள் சுருண்டு மேலே ஏறுகிறதா, காலர் இரண்டும் சேர்ந்து தாடையைக் குத்துகிறதா என்று கடையிலேயே தெரிந்துவிடும். நனைந்தால் பிழிந்து உதறிப் போட்டுக்கொள்ளலாம், நூல் தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். நெருப்புப் பக்கம் மட்டும் உட்காராதீர்கள், ஒரு பொறி பட்டாலே ஓட்டை.