தொட்டிக் கன்றுகளில் இலை சுருள்கிறது: குடும்பக் குழுவில் பேசியது

நான்: (படம்) (படம்) அறைக்குள் எல்இடி விளக்கின் கீழே வளரும் கன்றுகள். முதல் படம் தக்காளி, இரண்டாவது குடைமிளகாய். இரண்டிலும் இலை சுருள்கிறது, வளர்ச்சியும் நின்றுவிட்டது. என்ன செய்யலாம்?

மாமா: சத்துக் குறைவுதான். உரம் கொஞ்சம் கரைத்து ஊற்று, எழுந்துவிடும்.

அண்ணன்: எனக்கு வைரஸ் மாதிரித் தெரிகிறது. பிடுங்கிப் போடு, இல்லையென்றால் மற்றதற்கும் பரவும்.

சித்தி: இருங்கள், பிடுங்கவும் வேண்டாம், ஊற்றவும் வேண்டாம். அண்ணா, கன்று நோஞ்சானாக இருக்கும்போது உரம் ஊற்றினால் மண்ணில் உப்பு சேர்ந்து வேர் இன்னும் திணறும். காரணம் தெரிந்த பிறகு உரத்தைப் பற்றிப் பேசலாம்.

சித்தி: கண்ணு, நீ இதைப் பார்த்துச் சொல். சுருள்வது உச்சியில் வரும் புது இலையா, அடியில் இருக்கும் பழைய இலையா? ஓரம் மேலே மடிகிறதா கீழே மடிகிறதா? தொட்டியைத் தூக்கினால் கனமா, லேசா? விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எத்தனை மணி நேரம் எரிகிறது?

நான்: தக்காளியில் விளக்குக்கு நேர் கீழே இருக்கும் உச்சி இலைகள் மட்டும் மேல்நோக்கி மடிகின்றன, ஓரத்தில் இருக்கும் கன்றுகளில் அவ்வளவு இல்லை. தண்டு குட்டையாக, கணுக்கள் நெருக்கமாக இருக்கிறது. குடைமிளகாயில் வேறு மாதிரி, குருத்து இலை சின்னதாகி, நீளவாக்கில் கவிழ்த்த தோணி போலக் கீழ்நோக்கி வளைகிறது, தொட்டால் தடிமனாக, மொடமொடவென்று இருக்கிறது. விளக்கு ஒரு சாண் உயரத்தில். இரவிலும் எரிகிறது. தொட்டிகள் கனமும் இல்லை, லேசும் இல்லை.

சித்தி: அப்படியானால் இது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. ஒரே தட்டில் இருப்பதால் ஒரே நோய் என்று நினைத்துவிடுகிறோம்.

சித்தி: தக்காளிக்கு ஒளி அதிகம். இலை தன் பரப்பைக் குறைத்துக்கொள்ளத்தான் ஓரத்தை மேலே மடிக்கிறது. நேர் கீழே இருப்பது மட்டும் மடிந்து, ஓரத்தில் இருப்பது நன்றாக இருக்கிறது என்கிறாயே, அது பெரிய தடயம். கையை உச்சி இலை மட்டத்தில் வைத்துப் பார், சுட்டால் சந்தேகமே இல்லை. ஆனால் எல்இடியில் சூடு தெரியாமலேயே ஒளி அதிகமாகலாம், அதனால் சுடவில்லை என்று விட்டுவிடாதே. விளக்கை இப்போது இருப்பதைவிட இன்னும் 10 முதல் 15 செ.மீ. உயர்த்து. இரவு கட்டாயம் அணை. 14 முதல் 16 மணி நேரம் போதும். தக்காளிக்கு இருட்டு இல்லாவிட்டால் இலை வெளுத்துச் சேதமாகும், இருட்டில்லாததைத் தக்காளி தாங்கவே தாங்காது.

மாமா: சரிம்மா, குடைமிளகாய்க்கு கால்சியம் குறைவாக இருக்கலாம் இல்லையா? புது இலைதானே கோணிக்கொள்கிறது.

சித்தி: நல்ல கேள்வி அண்ணா. கால்சியம் செடிக்குள் நகராத சத்து, பழைய இலையிலிருந்து எடுத்துப் புதியதற்குத் தர முடியாது, அதனால் குறைந்தால் குருத்தில்தான் முதலில் தெரியும். தழைச்சத்து, மக்னீசியம் எல்லாம் நகரும், அவை குறைந்தால் அடி இலை முதலில் மஞ்சளாகும். ஆனால் கால்சியம் தண்ணீரோடுதான் மேலே ஏறும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேர் வேலை செய்யாது, மண்ணில் எவ்வளவு கால்சியம் இருந்தும் பயனில்லை. தொட்டி கனமில்லை என்கிறாள், அதனால் எனக்கு வேறு சந்தேகம். இலையைத் திருப்பி அடிப்பக்கம் ஒரு படம் எடு, வெளிச்சத்தில்.

நான்: (படம்) அடிப்பக்கம் கொஞ்சம் செம்பழுப்பாக, மினுமினுவென்று இருக்கிறது. பூச்சி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

சித்தி: தெரியாது. இது முரணைச் சிலந்தி என்று நினைக்கிறேன், வீட்டுச் சிலந்தி இல்லை, செடியில் ஒட்டி வாழும் நுண்ணிய உயிரி, 0.2 மி.மீ.தான் இருக்கும். சிவப்புச் சிலந்தி என்றால் வலை தெரியும், இலையில் புள்ளி புள்ளியாக வெளுக்கும். இது அப்படிச் செய்யாது, குருத்துக்குள்ளே உட்கார்ந்து சாறு உறிஞ்சும், செடி அப்படியே நின்றுபோகும். மிளகாய் இனத்தில் ஓரம் கீழே மடிந்தால் சிலந்தி, மேலே மடிந்தால் இலைப்பேன் என்று முதலில் சந்தேகப்படலாம். இலைப்பேனா என்று பார்க்க, குருத்துக்குக் கீழே வெள்ளைக் காகிதம் பிடித்துத் தட்டு, மெல்லிய கோடு போல ஊர்ந்து போகும்.

அண்ணன்: என்னிடம் 20 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருக்கிறது, சாயங்காலம் கொண்டுவருகிறேன்.

சித்தி: கொண்டு வாப்பா. குருத்தின் மடிப்புக்குள் பார்க்க வேண்டும், கண்ணாடித் துளி மாதிரி அசையும். முட்டையில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும், அது இருந்தால் உறுதி.

அண்ணன்: நான் சொன்ன வைரஸ் இல்லையா அப்போ?

சித்தி: இலை சுருட்டல் வைரஸை வெள்ளை ஈ கொண்டுவரும். இலை மஞ்சளாகும், நரம்பு தடிக்கும். வந்தால் மருந்தே இல்லை, நீ சொன்னபடி பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் இங்கே வெள்ளை ஈ இருக்கிறதா என்று பாருங்கள், செடியை அசைத்தால் பறக்கும். அது இன்னொரு விதத்திலும் ஆபத்து, இந்தச் சிலந்தி வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டே வேறு செடிக்குப் போகும்.

நான்: அசைத்துப் பார்த்தேன், எதுவும் பறக்கவில்லை.

சித்தி: நல்லது. இப்போதே குடைமிளகாயைத் தனியாக வை, அதைத் தொட்ட கையோடு தக்காளியைத் தொடாதே. ரொம்பக் கோணிய நுனியைக் கிள்ளி, உறையில் போட்டுக் கட்டி எறி. 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கி முதலில் ஒரு இலையில் மட்டும் தெளி. ஒரு நாள் விட்டு இலை கருகவில்லை என்றால் முழுதும் தெளிக்கலாம். விளக்கு எரியும்போது வேண்டாம், எண்ணெய்ப் பசையோடு ஒளி பட்டால் இலை பொசுங்கும். முட்டை தப்பித்துக்கொள்ளும், அதனால் 5 நாளைக்கு ஒருமுறை மூன்று தடவை. அதிலும் அடங்கவில்லையென்றால் நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள், பார்க்கலாம், ஆனால் வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரமாவது ஆன பிறகுதான். இரண்டும் சேர்ந்தால் இலையைச் சுட்டுவிடும்.

நான்: கோணின இலை நேராகுமா சித்தி?

சித்தி: ஆகாது, அதை எதிர்பார்க்காதே. சிலந்தி செத்த பிறகும் கொஞ்ச நாள் கோணல் குருத்தே வரும், அதன் எச்சில் விஷம் தீரும்வரை. அதைப் பார்த்துப் பயந்து மருந்தைக் கூட்டிவிடாதே. அதற்குப் பின்னால் வரும் இலை சாதாரணமாக விரிந்தால் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

மாமா: உரம்?

சித்தி: தக்காளியில் ஒரு இலை ஒழுங்காக விரியட்டும் அண்ணா. அப்புறம் டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு மட்டும், ஈர மண்ணில். காய்ந்த மண்ணில் ஊற்றவே கூடாது.

நான்: விளக்கை உயர்த்திவிட்டேன், குடைமிளகாய் அடுத்த அறைக்குப் போய்விட்டது. அண்ணா, லென்ஸ் வந்ததும் முதலில் குருத்தைப் பார்ப்போம்.

அண்ணன்: சரி. நான் வரும்வரை நுனியைக் கிள்ளிவிடாதே, பார்க்க ஒன்றாவது வேண்டும்.