கஜா புயல் (நவம்பர் 2018), எங்க ஊர் நிலவரம்: புதுப்பிப்பு

தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி பக்கம் எங்க ஊருக்கு ஒரு அதிகாரியும் எட்டிப் பாக்கலன்னு முன்னாடி போட்டிருந்தேன்ல, அதோட அப்டேட். புயல் சேதத்தக் கணக்கெடுக்க ஒருத்தர் வந்தாரு, ரோட்டோரத் தென்னந்தோப்ப மட்டும் பாத்து எழுதிட்டுக் கிளம்பிட்டாரு, குருத்து முறிஞ்சு மொட்டையா நிக்கிற மரத்தையெல்லாம் கணக்குல சேக்கவே இல்ல, அது இனி காய்க்குமா சொல்லுங்க? விழுந்த தென்ன மரத்துக்கு 600, வெட்டி அகத்த 500ன்னு அரசு நிவாரணமா அறிவிச்சது 1100 ரூபா, புதுசா வச்சா நெட்டை ரகத் தென்ன காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகுமே.

கரண்ட் இன்னும் வரல. வெளி மாவட்டத்து மின்வாரிய ஆளுங்க சேத்துல இறங்கி போஸ்ட்ட தோள்ல தூக்கிட்டு வர்றாங்க, நம்ம பசங்களும் கூடவே கயிறு இழுக்குறாங்க, அவங்களுக்கு மூணு வேளை சோறு தெருக்காரங்கதான் ஆக்கிப் போடுறோம். பழைய துணி இனி வேண்டாம்ங்க, தார்ப்பாயும் கொசுவலையும் இருந்தா அனுப்புங்க.