அடைப்பு நீங்கிய பிறகும் இதயத் தசை சேதமடைவது ஏன்? லியோன் ஆய்வு பற்றி ஒரு கேள்வி

கேள்வி – மூத்தமகன்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 61 வயது. தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் மாரடைப்பு வந்து, நான்கு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். அறுந்த நூல்போல பாதியில் நின்றிருந்த இரத்தக் குழாய், கண்மூடித் திறப்பதற்குள் கிளைகளோடு கறுப்பாக நிரம்புவதைப் பிற்பாடு மருத்துவர் கணினித் திரையில் காட்டினார். ஆனால் மூன்று மாதம் கழித்து எடுத்த எக்கோவில் இதயத்தின் வெளியேற்றும் திறன் 35 விழுக்காடாகவே இருந்தது. குழாய் திறக்கும் நேரத்திலேயே சில செல்கள் இறக்கும் என்றும், அதற்குச் செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா காரணம் என்றும் மருத்துவர் விளக்கினார். பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஓவிஸ் என்ற ஆய்வாளர் சைக்ளோஸ்போரின் மருந்தால் இதைத் தடுக்க முயன்றதாக அறிந்தேன். அதன் விவரத்தையும், அப்பாவுக்கு அந்த மருந்து இப்போது பயன்படுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி – உயிர்வேதியியல் ஆசிரியை

உங்கள் மருத்துவர் சொன்னது சரி. இதயத் தசைச் செல்லின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான். இடைவிடாமல் துடிப்பதற்கான ஆற்றலைத் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு அங்கேதான் உருவாகிறது. இரத்தம் நின்றிருக்கும்போது செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. அந்த அமிலமே மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள ஒரு துளையைத் திறக்கவிடாமல் பிடித்து வைக்கிறது. குழாய் திறந்ததும் ஆக்சிஜன் பாய்கிறது, அமிலம் கழுவப்படுகிறது, கால்சியம் குவிகிறது. உடனே அத்துளை திறந்து, சவ்வின் மின்னழுத்தம் சரிந்து, ஏ.டி.பி.யை உருவாக்க வேண்டிய நொதியே அதைச் சிதைக்கத் தொடங்குகிறது. மைட்டோகாண்ட்ரியா வீங்கி உடைந்தால் செல்லும் மடிகிறது. இவை இரத்தம் திரும்பிய முதல் சில நிமிடங்களிலேயே நடந்து முடிவதுதான் வேதனை.

சைக்ளோஸ்போரின் இத்துளையை அடைக்கும் என்று 1988-இல் மார்ட்டின் கிராம்ப்டன் குழு காட்டியது. துளை திறக்க உதவும் சைக்ளோஃபிலின் டி என்ற புரதத்தை அது பற்றிக்கொள்கிறது. அப்புரதம் நீக்கப்பட்ட எலிகளின் இதயம் குறைவாகவே சேதமடைவதை 2005-இல் கண்டார்கள். ஆய்வகத்தில் கண்டதை நோயாளியின் படுக்கைவரை கொண்டுவரத் துணிந்தது ஓவிஸின் பெரிய பணி என்பேன். 2005-இல் அவருடைய குழு, ஸ்டென்ட் வைத்த பின் குழாய்க்குள் பலூனை ஒரு நிமிடம் ஊதி இரத்தத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் தளர்த்தி ஓடவிட்டு, நான்கு முறை இவ்வாறு செய்து 30 நோயாளிகளில் சோதித்தது, சேதம் குறைந்தது. 2008-இல் 58 பேரைக் கொண்ட ஆய்வில், குழாயைத் திறக்கும் முன் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் சைக்ளோஸ்போரின் ஊசியாகச் செலுத்தினார்கள். சேதமடைந்த தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதியின் கசிவு குறைந்தது. ஆனால் அதேபோல் கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவில் தெளிவான வேறுபாடு இல்லை.

மறுமொழி – இதயப்பிரிவு மருத்துவர்

அதன் தொடர்ச்சியையும் சொல்லியாக வேண்டும். அதே குழு 970 நோயாளிகளைச் சேர்த்து நடத்திய ‘சர்க்கஸ்’ ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள், இதயச் செயலிழப்பு மோசமானவர்கள், இதய அறை விரிந்தவர்கள் ஆகியோரைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ 59 விழுக்காடு, பெறாதவர்களில் 58. பயனில்லை. தாங்களே வளர்த்த கருத்து தோற்றதை மறைக்காமல் வெளியிட்டவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

தோல்விக்கு ஒரே காரணத்தைச் சுட்ட முடியாது. விலங்குச் சோதனையில் இளமையான, நோயற்ற இதயத்தின் குழாயைக் கட்டி அவிழ்க்கிறோம்; எங்களிடம் வருபவர்களோ நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள முதியவர்கள். 2008-இல் பயன்படுத்திய மருந்தின் கலவையும் 2015-இல் பயன்படுத்தியதும் வேறு. தவிரவும், மூடிய குழாய்க்கு அப்பாலுள்ள தசையை மருந்து சென்றடையும் கணமும் துளை திறக்கும் கணமும் ஏறத்தாழ ஒன்றே.

உங்கள் தந்தைக்கு இம்மருந்து இப்போது பயன்படாது. அது காக்க முயன்ற நிமிடங்கள் அன்று விடியலிலேயே கடந்துவிட்டன. நோயெதிர்ப்பைக் குறைக்கும் அதை வீணே கொடுப்பது தீங்கு. இதயச் செயலிழப்புக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஒருநாளும் விடாமல் கொடுத்து வாருங்கள். அவற்றால் வெளியேற்றும் திறன் உயர்ந்தவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

மூத்தமகன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நெஞ்சுவலி வந்தும் வாயுத்தொல்லை என்று எண்ணி அப்பா ஒன்றரை மணி நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த எக்கோ ஆடியில். முடிவை இங்கே தெரிவிக்கிறேன்.