‘ஃபார்கோ’ சிரிப்பது யாரைப் பார்த்து?

கடைசிவரிசை:
கோயன் சகோதரர்களின் ‘ஃபார்கோ’வை (1996) நேற்றிரவு நான்காம் முறையாகப் பார்த்தேன். குற்றமும் கருப்பு நகைச்சுவையும் கலந்த படங்களில் இதற்கு மேலான ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. கடனில் சிக்கிய கார் விற்பனையாளன் ஜெரி, மாமனாரிடம் பணம் கறப்பதற்காகத் தன் மனைவியையே கடத்த இருவரை அமர்த்துகிறான். அவர்களிடம் பணயத்தொகை 80,000 டாலர் என்கிறான். மாமனாரிடமோ பத்து லட்சம் என்கிறான். முடிவில் ஏழு உயிர்கள் போகின்றன. ஆனாலும் எனக்கு மறக்காதது ஒரு சின்னக் காட்சிதான். மாமனாரிடம் அவமானப்பட்டு வெளியே வரும் ஜெரி, கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுகிறான்; திடீரென்று ஆவேசம் வந்தவன்போல் கொந்தளிக்கிறான்; சற்று நிற்கிறான்; பிறகு வேறு வழியில்லாமல் மறுபடியும் சுரண்டத் தொடங்குகிறான்.

நேர்நிறை:
படம் நேர்த்தியானது என்பதை மறுக்கவில்லை. ராஜர் டீக்கின்ஸ் படமாக்கிய அந்த வெண்பனி வெளியை யார் குறைசொல்வார்கள்? ஆனால் கதை நடக்கும் அமெரிக்காவின் மினசோட்டா மாநில மக்களின் இழுவைப் பேச்சை இத்தனை முறை கேட்கவைப்பது கேலியன்றி வேறென்ன? இயக்குநர்கள் அந்த மண்ணில் வளர்ந்தவர்கள் என்பது சமாதானமாகாது. ஊரைவிட்டுப் போனவர்கள்தாம் ஊர்ப்பேச்சை அதிகம் நக்கலடிப்பார்கள். அதைவிட உறுத்துவது மனைவி ஜீன். குளியலறைத் திரைச்சீலையில் சிக்கிக் கண்மண் தெரியாமல் ஓடி மாடிப்படியில் உருள்கிறாள். பிறகு முகம் மூடிய துணியோடு பனியில் திசை தெரியாமல் தடுமாறுகிறாள். ஒரு பாவமும் அறியாத பெண்ணின் உயிர்ப்பயத்தைக் கோமாளிக் கூத்தாக்கிய படத்தைத் தலைசிறந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசிவரிசை:
பனியில் அவள் தடுமாறும்போது சிரிப்பவன் யார் என்று கவனித்தீர்களா? கடத்தியவர்களில் ஒருவனான கார்ல் மட்டுமே. அவன் கூட்டாளி கேயர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறான். நம் சிரிப்பு கார்லின் சிரிப்போடு சேர்ந்துவிட்டதை உணரும் கணத்தில் அது தொண்டையில் நின்றுவிடுகிறது. பேச்சைப் பொறுத்தவரை, ஏழு மாதக் கர்ப்பிணியான காவல் அதிகாரி மார்ஜும் அதே இழுவையில்தான் பேசுகிறார். கொல்லப்பட்ட காவலரின் குறிப்பில் இருந்த ‘டிஎல்ஆர்’ என்ற எழுத்துகளை வண்டி எண்ணின் தொடக்கம் என்று நினைத்து உதவியாளர் தேட, அது ‘டீலர்’ என்பதன் சுருக்கம், கார் விற்பனையகத்தின் எண்பலகை என்று மார்ஜ் மெல்லத் திருத்துகிறார்; உதவியாளரின் முகம் வாடியதும் ஒரு நகைச்சுவைத் துணுக்கைச் சொல்லித் தேற்றுகிறார். ஊரைக் கேலி செய்ய வந்தவர்கள் அந்த ஊரின் மிகக் கூர்மையான மூளையை அந்தப் பேச்சுக்குள்ளேயே வைத்திருப்பார்களா?

மூன்றாம்மணி:
இடையில் ஒரு சொல். பள்ளித் தோழன் மைக் யானகிடாவை மார்ஜ் உணவகத்தில் சந்திக்கும் காட்சி தேவையற்றது என்று பலரும் சொல்வதுண்டு. தன் மனைவி புற்றுநோயில் இறந்ததாக அவன் அழுகிறான். அத்தனையும் பொய் என்று மறுநாள் ஒரு தோழி தொலைபேசியில் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் மார்ஜ் ஜெரியிடம் இரண்டாம் முறை விசாரிக்கப் போகிறார். பணிவாகப் பேசுகிறவனும் பொய் சொல்வான் என்பதை ஒரு போலீஸ் அதிகாரி அங்கேதான் கற்றுக்கொள்கிறார் என்பது என் துணிபு.

நேர்நிறை:
யானகிடா குறித்துச் சொன்னதை ஏற்கிறேன்; நான் அப்படி யோசித்ததில்லை. ஆனால் தொடக்க அட்டையை நினைத்துப் பாருங்கள். 1987இல் நடந்த உண்மைக் கதை என்றும், இறந்தவர்கள்மீதுள்ள மரியாதையால் உள்ளபடியே சொல்வதாகவும் அது அறிவிக்கிறது. கதையோ கற்பனை. அந்தப் பொய்யைக்கூட மன்னிக்கலாம். அவர்கள் சொன்ன மரியாதை எங்கே? ஜெரியின் மகன் ஸ்காட்டி தாயையும் தாத்தாவையும் இழக்கிறான், தகப்பன் பிடிபடுகிறான். பிள்ளை என்ன ஆனான் என்று படம் ஒரு நொடிகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கடைசிவரிசை:
ஸ்காட்டி பற்றி நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் படம் கைவிடுவது அவனை மட்டுமன்று. கார்ல் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட டாலரை வேலியோரப் பனியில் புதைக்கிறான். இருபுறமும் ஒரே மாதிரியான கம்பங்கள் கண்ணுக்கெட்டியவரை நீள்வதைப் பார்த்துவிட்டு, அடையாளத்துக்கு ஒரு பனிச்சுரண்டியை நட்டுவைக்கிறான். ஆம், ஜெரி கையிலிருந்த அதே வகைச் சாமான். அத்தனை பணத்தை ஒளித்துவைத்தவன், ஒரு காரின் பாதி விலையைக் கூட்டாளிக்குத் தர மறுத்துச் சாகிறான். புதைத்த பணப்பெட்டியை எடுக்க யாரும் வருவதில்லை. நீங்கள் மறதி என்பதை நான் கணக்குத் தீர்க்க மறுக்கும் துணிவு என்கிறேன்.

நேர்நிறை:
பெட்டியும் பிள்ளையும் ஒன்றில்லை, நண்பரே. மாமனாரின் சாவுக்குப் பின் ஜெரி வீடு திரும்பும்போது, யாரோ தொலைபேசியில் அழைத்ததாகச் சிறுவனின் குரல் சொல்கிறது. தூங்கப் போவதாகச் சொல்லித் தகப்பன் நழுவிவிடுகிறான். அந்தக் குரலுக்கு ஜெரி பதில் சொல்லாதது அவன் குணம். கோயன் சகோதரர்களும் சொல்லாமல் விட்டதைத்தான் நான் கேட்கிறேன்.