திருவல்லிக்கேணியில் நான் தெரியாமல் கடந்து போன இரண்டு வாசல்கள்

2007-இல் வேலை தேடிச் சென்னைக்கு வந்தேன். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், அறைக்கு மூன்று பேர். சாப்பாட்டுக்குப் போகிற வழியில் வாலாஜா பள்ளிவாசல் பக்கம் ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. 'முசல்மான்' என்று போர்டு. பிரஸ் என்று தெரியும், அதற்கு மேல் யோசித்ததில்லை. ஒருநாள் மழைக்கு அந்த வாசலில் ஒதுங்கி நின்றேன். "உள்ள வந்து நில்லுங்க தம்பி" என்று குரல் வந்தது.

உள்ளே ஒருவர் குனிந்து உட்கார்ந்து உருது எழுதிக்கொண்டிருந்தார். கட்டைப் பேனாவை மையில் தொட்டு வலமிருந்து இடமாக ஒரு இழுப்பு, மேலே இரண்டு புள்ளி, மறுபடி மை. ஏதோ கடிதம் என்று நினைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் விற்பனைக்குப் போகப்போகிற செய்தித்தாள் அது! 1927 முதல் வருகிற நாளிதழ். நாலு பக்கம், அத்தனையும் கையெழுத்து. எழுதி முடித்த தாளைப் படம் பிடித்து, தகடு எடுத்து, அப்புறம்தான் அச்சுக்குப் போகும். எழுதுகிறவர்களைக் காத்திப் என்கிறார்கள். ஒரு பக்கம் எழுத மூன்று மணி நேரம் ஆகுமாம். விலையைக் கேட்டால் முக்கால் ரூபாய்.

முதல் பக்கத்தில் ஒரு மூலை மட்டும் வெறுமையாக இருந்தது. மறந்துவிட்டாரோ என்று சுட்டிக் காட்டினேன். "அது கடைசி நேரத்துக்கு. பெருசா ஏதாவது நடந்தா எழுதணும்ல?" என்றார். இன்னும் நடக்காத ஒன்றுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு உருது ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் மழை விட்ட பிறகும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் மேன்ஷனை விட்டுப் பார்த்தசாரதி கோயில் பக்கம் ஒரு வீட்டு மாடியில் குடியேறினேன். கீழே வீட்டுக்கார மாமிக்கு அப்போதே எண்பதைத் தாண்டிவிட்டது. காத்திப் கதையை ஆச்சரியமாகச் சொன்னேன். மாமி அசரவில்லை. "இதுக்கே இப்படிச் சொல்றயே, கணக்கு ராமானுஜம் ஆத்துக்காரி அனுமந்தராயன் கோயில் தெருவுலதான் இருந்தா, தெரியுமோ? தையல் மெஷினை வெச்சுண்டு பிழைச்சா" என்றார்.

நான் கணிதப் பட்டதாரி. ராமானுஜன் எண் 1729 என்று தூக்கத்திலும் சொல்வேன். அவர் மனைவி என்ன ஆனார் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. மாமி சொன்ன அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஜானகி அம்மாளுக்கு 1909-இல் கல்யாணம், அப்போது வயது பத்து. 1914-இல் கணவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1919-இல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தார். அந்தக் கடைசி ஒரு வருஷம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டது இந்த அம்மாதான். வலி வரும்போதெல்லாம் வெந்நீரில் துணி நனைத்து நெஞ்சுக்கும் காலுக்கும் ஒத்தடம் கொடுத்ததைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உலகம் இன்றைக்கும் ஆராய்கிற கடைசிக் கணக்குகளை ராமானுஜன் போட்டது அந்த ஒத்தடங்களுக்கு நடுவில்தான்.

அப்போது ஜானகி அம்மாளுக்கு வயது 21. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் கொடுத்தது. பம்பாயில் சகோதரர் வீட்டில் சில வருஷம் இருந்து தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணிக்கே திரும்பி வந்து தைத்தும், தைக்கச் சொல்லிக்கொடுத்தும் சொந்தக் காலில் நின்றார். தோழி இறந்தபோது அவருடைய பிள்ளையை எடுத்து வளர்த்துப் படிக்கவும் வைத்தார். 1994-இல்தான் காலமானார். கணவர் இல்லாமல் 74 வருஷம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பேட்டியில், தன் கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று கேட்டிருக்கிறார். அது அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கியின் கண்ணில் பட்டது. கணிதக்காரர்கள் பலர் பணம் போட்டார்கள். பால் கிரான்லண்ட் என்ற சிற்பி, பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்து வெண்கலத்தில் மார்பளவுச் சிலை செய்தார். ஒன்று ஜானகி அம்மாள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கேட்டது இங்கே, காதில் விழுந்தது அங்கே. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

திருவல்லிக்கேணிக்கு யார் வந்தாலும் பாரதி வீட்டைக் காட்டுகிறோம், காட்டத்தான் வேண்டும். இந்த அம்மா இருந்த தெருவை அந்த மாமியைத் தவிர யாரும் எனக்குக் காட்டியதில்லை. மாமியும் இப்போது இல்லை. அவரிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். மெஷின் ஜன்னல் ஓரமா, திண்ணையா? ரவிக்கைக்கு என்ன கூலி வாங்கினார்? கேட்கத் தோன்றவில்லை.

திருவல்லிக்கேணியில் வளர்ந்த பாட்டி, அத்தை, பெரியம்மா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். ஜானகி அம்மாளிடம் பாவாடையோ ரவிக்கையோ தைத்துக்கொண்டவர்கள், தையல் கற்றுக்கொண்டவர்கள் இன்னும் இருக்கக்கூடும். ஒரு வரி தெரிந்தாலும் இங்கே எழுதுங்கள்.