குழு: பெரிய வீடு

செல்வி: அனு ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஆறுக்கு இங்கேயே இருக்கிறாளா, டி.சி. வேண்டுமா என்று டீச்சர் கேட்கிறார். திங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சங்கீதா: மேல்நிலைப்பள்ளிதான்.

முருகேசன் சித்தப்பா: இனிய காலை வணக்கம் 🙏 காதுகுத்துக்கு வேன் எத்தனை மணிக்கு?

குமார் மாமா: பெரம்பலூரில் சிபிஎஸ்இ. வீட்டு வாசலுக்கே வேன் வருகிறது.

செல்வி: வேன் வரும் மாமா. பீஸ் யார் கட்டுவது?

குமார் மாமா: 👍

பெரியப்பா: செல்வி, பொறுமையாகப் படி. பள்ளியைக் கட்டடத்துக்குப் பூசிய பெயிண்ட்டை வைத்து ஒப்பிடக்கூடாது. நம் ஊர் ஒன்றிய நடுநிலைப்பள்ளி எட்டு வரைதான். நடந்தே போய்விடலாம். ஆனால் 6 முதல் 8 வரை பட்டதாரி ஆசிரியர் எத்தனை பேர் என்று கேள். சட்டப்படி 35 பிள்ளைகளுக்கு ஒருவர். அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் தனித்தனி ஆள். அடுத்தது டவுன் அரசு மேல்நிலைப்பள்ளி. 12 வரை ஒரே இடம். பதினொன்றில் உயிரியல் தொகுதி இருக்கிறதா, பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் உண்டா என்று இப்போதே விசாரித்துவிடு. மூன்றாவது, பெரம்பலூரில் சங்கீதா படித்தது. அது அரசு உதவி பெறும் தனியார் பள்ளி, அரசுப் பள்ளி அல்ல. 2020-இல் வந்த மருத்துவப் படிப்பு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. (தொடரும்)

பிரபு: தொடருமா? 😂

சங்கீதா: புதுமைப்பெண் மாதம் 1000 ரூபாய்?

பெரியப்பா: அதற்கு வருகிறேன். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் கிடைக்கும். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பிறகு சேர்த்துவிட்டார்கள். சிபிஎஸ்இ என்றால் இரண்டும் இல்லை. குமார் கவனிக்கவும்.

குமார் மாமா: கவனித்தேன்.

செல்வி: இங்கே காலையில் பொங்கல், உப்புமா என்று சாப்பிட்டுப் பழகிவிட்டாள் பெரியப்பா.

பெரியப்பா: காலை உணவு ஐந்தாம் வகுப்போடு சரி. எந்தப் பள்ளியானாலும் ஆறில் கிடையாது. மதியச் சாப்பாடு, முட்டை பத்து வரை உண்டு.

பிரபு: அப்பா, சும்மா ஒரு சந்தேகம். அரசுப் பள்ளி ஹெச்.எம். மகனை மெட்ரிகுலேஷனில் ஏன் சேர்த்தீர்கள்?

பெரியப்பா: அது உன் அம்மாவின் முடிவு.

பெரியம்மா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சங்கீதா: 😂😂 எல்லோரும் படித்துவிட்டோம்.

முருகேசன் சித்தப்பா: கடா பார்த்தாயிற்றா? சந்தையில் விலை ஏறிக்கிடக்கிறது.

லட்சுமி அத்தை: (குரல் செய்தி 2:14)

பிரபு: மீட்டிங்கில் இருக்கிறேன். யாராவது எழுதுங்கள்.

சங்கீதா: அத்தை சொல்வது: "ஊர்ப் பள்ளி எட்டோடு முடிந்தது, என் படிப்பும் முடிந்தது. அனுவுக்கும் அதே கதை வேண்டாம். ஆறிலேயே வெளியே அனுப்பு." மீதி ஒரு நிமிடம் தாத்தாவைத் திட்டுகிறார்.

பெரியப்பா: லட்சுமி, அப்போது பஸ் கிடையாது.

லட்சுமி அத்தை: உங்களுக்கும்தான் பஸ் இல்லை. சைக்கிள் இருந்தது. எனக்கு வாங்கித் தந்தார்களா?

முருகேசன் சித்தப்பா: அக்கா, அந்தச் சைக்கிளை ஓட்டியது நான் இல்லை.

லட்சுமி அத்தை: பின்னால் உட்கார்ந்து போனாய்.

குமார் மாமா: இப்போது பதினொன்றாம் வகுப்பில் அரசே சைக்கிள் தருகிறது.

லட்சுமி அத்தை: நீங்கள் சும்மா இருங்கள்.

செல்வி: சைக்கிள் இருக்கட்டும், பஸ்தான் பிரச்சினை. காலை 7.40 விட்டால் அடுத்தது 9.30. சாயங்காலம் தனியாக எப்படி வருவாள்? இவர் இங்கேயே எட்டு வரை படிக்கட்டும் என்கிறார். வகுப்பில் அவளோடு சேர்த்து ஆறு பேர்தான். எல்லோரும் போய்விட்டால் பள்ளியே என்ன ஆகுமோ.

சங்கீதா: பள்ளியைக் காப்பாற்றுவது அனுவின் வேலையா?

பெரியப்பா: அப்படிச் சொல்லாதே. ஒவ்வொருவரும் அப்படி நினைத்துத்தான் பிள்ளைகள் குறைந்தது.

பிரபு: மெட்ரிகுலேஷன்.

பெரியம்மா: பிரபு, போதும்.

பெரியப்பா: பள்ளி மாறினால் எமிஸில், அதுதான் மாணவர் விவரம் ஏற்றும் அரசு இணையதளம், அவள் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடச் சொல். விடாவிட்டால் புதுப் பள்ளியில் பெயர் ஏறாது. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று நீயே உள்ளே போய்ப் பார். தலைமையாசிரியரிடம் கேட்டால் வருகிறது என்றுதான் சொல்வார். நானும் அப்படித்தான் சொன்னேன்.

சங்கீதா: 😳

செல்வி: அனுவைக் கேட்டேன். தீபிகா எங்கே போகிறாளோ அங்கே என்கிறாள்.

லட்சுமி அத்தை: தீபிகா எங்கே போகிறாள்?

செல்வி: அவள் அம்மா, அனு எங்கே போகிறாள் என்று கேட்கிறார்.

முருகேசன் சித்தப்பா: திங்கள் காலை நான் டவுனுக்கு வண்டியில் போகிறேன். செல்வி வந்தால் மேல்நிலைப்பள்ளியில் இறக்கிவிடுகிறேன், பார்த்துவிட்டு வரட்டும். ஆதார் நகல் எடுத்துக்கொள்.

செல்வி: சரி சித்தப்பா. சேர்ப்பதாக இன்னும் சொல்லவில்லை. பார்க்கத்தான்.

முருகேசன் சித்தப்பா: சரி. கடாவுக்கு யார் யார் எவ்வளவு?

குமார் மாமா: 👍

சங்கீதா: மாமா, 👍 என்றால் எவ்வளவு?